டாக்டர் பதில்கள்: வயல் கொசுவும் மூளைக்காய்ச்சலும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ஜேஇ என்று செவிலியர்கள் சொல்வது அதைத்தான். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களிலிருந்து வந்தவை. நெல் விளையும் மாவட்டம் ஒன்றில், அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. இந்த நோய் ஒரு வீட்டுக்குள் வந்தால் என்ன செய்துவிட்டுப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். பேரனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. தட்டம்மை ஊசியோடு ஜேஇ ஊசியும் அன்றைக்கே போட வேண்டும் என்கிறார் செவிலியர். வேறு மாவட்டத்தில் இருக்கும் மகளின் குழந்தைக்கு இந்த ஊசியைப் போடவே இல்லை. நம் குழந்தைக்கு மட்டும் எதற்கு? ஒரே நாளில் இத்தனை ஊசியைப் பிள்ளை தாங்குமா?
— வாசகி, திண்டிவனம்

தாங்கும் அம்மா. தயங்காமல் போட்டுவிடுங்கள். ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்தில்தான் போடுவார்கள். ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வலிக்கலாம். அவ்வளவுதான்.

இது எல்லா மாவட்டத்திலும் கொடுக்கப்படும் ஊசி அல்ல. நோய் தென்படும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் விழுப்புரம் பகுதி நெடுங்காலமாக அந்தப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் அவ்வப்போது புதிய மாவட்டங்களும் சேர்கின்றன. மகளை அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தியாவில் மனிதர்களிடம் இந்த நோய் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது நம் பக்கத்தில்தான். 1955-ல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் குழந்தைகள் காய்ச்சலும் வலிப்புமாக வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் வெப், பெரைரா இருவரும், இது கொசு போன்ற பூச்சிகள் மூலம் பரவும் வைரஸின் வேலை என்று எழுதி வைத்தார்கள். அப்புறம் 1970-களில் மேற்கு வங்கத்தில் பெரிய அளவில் வந்தது. 2005-ல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான், 2006-ல், சீனாவில் உருவான தடுப்பூசியை வரவழைத்துப் பெரிய அளவில் போடத் தொடங்கினார்கள். இப்போது கர்நாடகத்தின் கோலார் பகுதியில் கிடைத்த வைரஸிலிருந்து நம் நாட்டிலேயே செய்யப்படும் ஊசியும் இருக்கிறது.

அரிய நோய்க்கு ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரிதுதான். இந்த வைரஸ் உடம்புக்குள் போகும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கிறது. மற்றவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாகப் போய்விடும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஆனால் மூளை பாதித்தவர்களில் 30 சதவீதம் வரை இறந்துபோகிறார்கள். பிழைப்பவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நிரந்தரக் குறை ஏதாவது தங்கிவிடுகிறது. வந்துவிட்ட பிறகு அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. இதை எத்தனை பெற்றோரிடம் வார்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம், ஒன்பதாவது மாதத்தில் ஒன்று, பதினாறிலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள் இன்னொன்று என்று இருக்கிற அந்த இரண்டு ஊசிகள்தான் என் நினைவில் நிற்கும்.

இரண்டாவது ஊசியைத்தான் நம்மவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தடுப்பூசி அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. விட்டுப்போயிருந்தால், இந்த மாவட்டங்களில் 15 வயது வரைக்கும் போடலாம்.

காய்ச்சல் வந்தால் அது மூளைக்காய்ச்சலா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் பள்ளியில் ஒரு மாணவிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.
— ஆசிரியர், கடலூர் மாவட்டம்

எந்த மூளைக்காய்ச்சல் என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. அது உங்கள் வேலையும் அல்ல. மூளைக்காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. சில பாக்டீரியாவால் வருபவை. ஹெர்பிஸ் வைரஸால் வருவதும் உண்டு. உண்ணிக்காய்ச்சல் என்று நம் பக்கம் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸும் மூளையைத் தாக்கும். பாக்டீரியாவுக்கும், ஹெர்பிஸுக்கும், உண்ணிக்காய்ச்சலுக்கும் மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் கேட்கும். ஜேஇ-க்குத்தான் இல்லை. எது என்று தெரியும்வரை, குணப்படுத்தக் கூடியதாக இருக்கலாம் என்று எண்ணித்தான் ஓட வேண்டும். கோரக்பூரில் பின்னாளில் தேடிப் பார்த்தபோது, வலிப்போடு வந்த குழந்தைகளில் கணிசமானோருக்கு இருந்தது இந்த உண்ணிக்காய்ச்சல்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது நினைவு. காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் எத்தனையோ நோயில் வரும். காய்ச்சலோடு பிள்ளை அம்மாவையே அடையாளம் தெரியாமல் பார்க்கிறதா? சம்பந்தமில்லாமல் பேசுகிறதா? எழுப்ப எழுப்பத் தூங்கி விழுகிறதா? வழக்கத்துக்கு மாறாகக் கத்தி முரண்டு பிடிக்கிறதா? கழுத்தை வளைக்க முடியாமல் விறைக்கிறதா? வலிப்பு வந்ததா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். தெருமுனையில் ஓர் ஊசி போட்டுவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்பதும் வேண்டாம். முதல் நாளே பிள்ளை ஒருமாதிரியாகப் பேசியதாகத் தாய் சொல்வார். ‘காய்ச்சலில் உளறுகிறது’ என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லியிருப்பார்கள். வார்டில் நான் அடிக்கடி கேட்ட கதை இது. தாய் சொன்னால் நம்புங்கள்.

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், துணி, விரல் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுக்காதீர்கள். தண்ணீரோ மாத்திரையோ புகட்ட வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சட்டையைத் தளர்த்திவிட்டு, வலிப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்பார்.

மருத்துவமனையில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று சொன்னால் தயவுசெய்து சம்மதியுங்கள். கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் ஊர் ஊராக இருக்கிறது. ஊசி போகும் இடம் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே. அந்த நீரிலும் ரத்தத்திலும் ஐஜிஎம் என்ற எதிர்ப்புப்பொருளைத் தேடித்தான் ஜேஇ-யை உறுதி செய்கிறார்கள். நோயின் முதல் சில நாட்களில் அது தெரியாமல் போகலாம் என்பதால், சில நாள் கழித்து மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள்.

எங்கள் ஊர்க் குடியிருப்பை ஒட்டியே நெல் வயல். ஊர்க் கோடியில் சிலர் பன்றி வளர்க்கிறார்கள். பன்றியால்தான் மூளைக்காய்ச்சல் என்று சொல்லி அவர்களை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். புகை அடித்தால் போதும் என்கிறார்கள் சிலர். எது சரி?
— விவசாயி, திருவாரூர் மாவட்டம்

ஐயா, இரண்டுமே சரியில்லை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த வைரஸின் சொந்த வீடு பறவைகள். நீங்கள் வயலில் தினம் பார்க்கும் மடையான், உண்ணிக்கொக்கு போன்ற கொக்கு வகைகள். அவற்றைக் கடித்த கொசு பன்றியைக் கடிக்கிறது. பன்றிக்கு நோய் பெரிதாக ஒன்றும் வெளியே தெரியாது, சினைப் பன்றிக்கு மட்டும் கரு கலையும். ஆனால் அதன் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். அதைக் கடிக்கும் கொசுக்கள் வைரஸை வாங்கிக்கொண்டு அடுத்த உயிரைத் தேடிப் போகின்றன. மனிதனின் ரத்தத்தில் அந்த அளவுக்கு வைரஸ் ஊறாது. அதனால் நோயுற்ற பிள்ளையிடமிருந்து கொசு மூலம்கூட இன்னொருவருக்குப் பரவாது. தொட்டாலும் பரவாது, பக்கத்தில் படுத்தாலும் பரவாது. சமைத்த பன்றிக்கறியாலும் வராது. நோயிலிருந்து மீண்டு வந்த பிள்ளையைப் பள்ளியில் தனியே உட்கார வைத்தார்கள் என்று கேள்விப்படும்போது நெஞ்சு கொதிக்கிறது.

மாட்டையும் இந்தக் கொசு விரும்பிக் கடிக்கும். ஆனால் மாட்டின் உடம்பில் வைரஸ் பெருகாது. தஞ்சாவூர்ப் பக்கம் அவ்வளவு நெல் விளைந்தும் இந்த நோய் குறைவாகவே இருந்ததற்கு, பன்றிகள் குறைவாகவும் மாடுகள் மிக அதிகமாகவும் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள்.

பன்றி வளர்ப்பவர்களை விரட்டினால் அவர்கள் பிழைப்பு போகும், கொக்கும் கொசுவும் அங்கேயேதான் இருக்கும். அவர்களும் நம் ஊர்க்காரர்கள், அவர்கள் பிள்ளைகள்தான் கொட்டகைக்கு மிக அருகில் தூங்குகிறார்கள். பட்டியை வீடுகளிலிருந்து தள்ளி அமைக்க ஊராட்சி இடம் ஒதுக்கட்டும். மாலையானதும் பன்றிகளை வலை அடித்த கொட்டகைக்குள் அடைக்க உதவி கிடைக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

புகை விஷயம். ஜேஇ-யைப் பரப்பும் கொசு க்யூலக்ஸ் இனத்தைச் சேர்ந்தது. டெங்குக் கொசு வீட்டுத் தொட்டியிலும் டயரிலும் முட்டை இட்டுப் பகலில் கடிக்கும். இது நெல் வயலிலும் வாய்க்காலிலும் தேங்கிய நீரில் பெருகி, பொழுது சாய்ந்த பிறகு, பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கும். தெருவில் அடிக்கும் புகை அன்று பறந்துகொண்டிருக்கும் கொசுக்களில் கொஞ்சத்தைக் கொல்லும். வயலில் இருக்கும் கொசுப் புழுவை அது தொடாது.

வயலில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது உங்களுக்கே தெரிந்த முறை. தண்ணீரை எந்நேரமும் கட்டி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்வது. நடுவில் வயல் காயும்போது புழு கொசுவாகும் முன் செத்துப்போகும். அப்போது மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார், இந்த முறையோடு வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவையும் சேர்த்துத் தமிழ்நாட்டு வயல்களில் சோதித்துப் பார்த்து, கொசு குறைவதைக் கண்டு 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். மூட்டையில் இப்போது வரும் வேப்பெண்ணெய் பூசிய யூரியா அதே பொருள் அல்ல. ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பெரிய பலன் இருக்காது, ஒரே வாய்க்காலில் பாயும் எல்லோரும் பேசி முறை வைத்துக்கொண்டால்தான் நடக்கும். தண்ணீரும் மிச்சம். உங்கள் ஊர் இளைஞர்களின் வேகம் இதற்குப் பயன்படட்டும்.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள். திண்ணையில் படுத்தாலும் கொசுவலைக்குள் படுங்கள்.

என் மகனுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்து பல வாரம் மருத்துவமனையில் இருந்தான். உயிர் தப்பினான். இப்போது வலது கை விறைப்பாக இருக்கிறது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். திடீரென்று கோபம் வந்து என்னைக் கடிக்கிறான். முன்பு நன்றாகப் பாடுவான். பழைய பிள்ளை திரும்பக் கிடைப்பானா?
— ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன் அம்மா. பூசி மெழுகாமல் சொல்கிறேன். முழுவதும் பழையபடி ஆவான் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் இப்போது இருப்பதுதான் முடிவு என்றும் நினைக்காதீர்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். இந்த வைரஸ் மூளையின் ஆழத்தில் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளை அதிகம் தாக்குகிறது. அதனால்தான் விறைப்பும் நடுக்கமும் உணர்ச்சி காட்டாத முகமும். அந்த அசைவுக் கோளாறுகளில் சில காலம் போகப் போகத் தணிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வார்டிலிருந்து முகத்தில் சிரிப்பே வராமல் போன ஒரு சிறுமி, பிறகு சோதனைக்கு வந்தபோது என் மேசையில் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துத் தன் தம்பி நெஞ்சில் வைத்து விளையாடினாள். அவளுடைய இடது கால் இழுத்துத்தான் நடந்தது. அவள் தாய் அதைக் குறையாகவே சொல்லவில்லை.

கையை அப்படியே விட்டுவிடாதீர்கள். விறைத்த தசையைத் தினமும் பல முறை மெதுவாக நீட்டிவிட வேண்டும், இல்லையென்றால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். எப்படி என்று பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள், உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். பேச்சுப் பயிற்சி, காது கண் சோதனை எல்லாம் ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கும். வலிப்பு மருந்து சாப்பிடுகிறான் என்றால், வலிப்பே வரவில்லை என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடிப்பதும் கத்துவதும் மூளைக் காயத்தின் ஒரு பகுதி. அவன் கெட்டவன் ஆகிவிடவில்லை, நீங்களும் வளர்ப்பில் தவறவில்லை. அடித்தால் குறையாது. எப்போது கோபம் வருகிறது என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பசியா, சத்தமா, சொல்ல வந்தது வராததா? பெரும்பாலும் சொல்ல முடியாத தவிப்புதான். சோறு, தண்ணீர், கழிப்பறை, வலி என்று நாலைந்து படங்களை ஒட்டி வைத்து, கைகாட்டச் சொல்லிப் பழக்குங்கள். பாடத் தெரிந்த பிள்ளை என்கிறீர்கள். பேச வராத பிள்ளைகளில் சிலருக்குப் பழகிய பாட்டின் வரி வந்துவிடும். அவனுக்குப் பிடித்த பாட்டைப் பாடி, கடைசிச் சொல்லை அவனுக்காக விட்டுப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கௌரவக் குறைச்சல் என்று உறவினர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகை, பேருந்துச் சலுகை, பள்ளியில் சிறப்பு ஆசிரியர் எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் படி. ஒரு வேண்டுகோள் அவன் அப்பாவுக்கு: இரவில் ஒரு வேளையாவது பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டு, அந்தத் தாயைத் தூங்க விடுங்கள்.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் மூளைக்காய்ச்சல் குணமாகுமா?
— வாசகர், மதுரை

ஆகாது. நினைவு தடுமாறும் பிள்ளைக்கு வாய்வழியாக எதைக் கொடுத்தாலும் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசியைத் தாய்லாந்திலும், வைரஸை எதிர்க்க உடம்பே சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வியட்நாமிலும் முறையாகச் சோதித்தார்கள். இரண்டும் ஜேஇ-க்குப் பலன் தரவில்லை. வலிப்பை அடக்குவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சும் சர்க்கரையும் குறையாமல் காப்பது, இவைதான் இன்று உள்ள சிகிச்சை. நல்ல செவிலியர் கவனிப்பில் பிழைத்த பிள்ளைகள் நிறைய.

மகள் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே கொசுவால் வரும் ஏதோ குதிரைக் காய்ச்சல் மனிதர் மூளையைத் தாக்குகிறது என்று 2024-ல் பூங்காக்களையே மூடினார்களாம். நம் ஊர் ஜேஇ ஊசி போட்டிருந்தால் அது காக்குமா?
— வாசகர், கும்பகோணம்

காக்காது. அது ஈஸ்டர்ன் ஈக்வைன் என்செஃபலைட்டிஸ், அங்கே சுருக்கமாக ட்ரிபிள் ஈ என்பார்கள். வேறு குடும்பத்து வைரஸ், நம்முடைய சிக்குன்குனியாவுக்குச் சொந்தக்காரன். மரங்கள் அடர்ந்த நன்னீர்ச் சதுப்புகளில் பறவைக்கும் ஒருவகைக் கொசுவுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருக்கும். பறவைகளையும் பாலூட்டிகளையும் கடிக்கிற வேறு கொசுக்கள் மூலம் எப்போதாவது குதிரைக்கும் மனிதருக்கும் வரும். அமெரிக்கா முழுவதும் சேர்த்தே பெரும்பாலான ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மனிதர்களுக்கு வருகிறது. 2019-ல் மட்டும் 38 பேர். ஆனால் மூளை பாதித்தவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஆபத்து அதிகம். குதிரைக்குத் தடுப்பூசி இருக்கிறது, மனிதருக்கு இன்னும் இல்லை. அதனால்தான் 2024 ஆகஸ்டில் பிளிமத் நகரில் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை பூங்காக்களை மூடினார்கள்.

மகள் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. கோடையின் பிற்பகுதியிலிருந்து முதல் கடும் உறைபனி விழும்வரைதான் கவனம் தேவை. அந்த மாநிலத்தின் பொதுச் சுகாதாரத் துறை ஊர்வாரியாக ஆபத்து அளவை அறிவித்துக்கொண்டே இருக்கும். தன் ஊர் உயர்ந்த நிலையில் இருக்கும் வாரங்களில் மாலை நடையைப் பகலுக்கு மாற்றிக்கொள்ளட்டும். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டையும், டீட் அல்லது பிகாரிடின் கலந்த கொசு விரட்டியும் போதும். பேரக்குழந்தை இருந்து, இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றால் அந்தப் பூச்சு எதுவும் வேண்டாம், தள்ளுவண்டி மேல் வலை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.